மார்பகப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால்: எதற்கு, எங்கே, என்ன செய்வார்கள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்ப்பதும், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் இப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கும் புதிதில்லை. தக்காளிக் காட்டில் இருக்கிற பெண்கள்கூட கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டிவிடுகிறார்கள். "அப்படியே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மார்பகமும் காட்டிட்டுப் போங்கக்கா" என்று சொன்னதும்தான் பேச்சு மாறும். எனக்கு ஒண்ணும் இல்லைங்க, வேலை கிடக்குது, மாங்கா சீசன் முடியட்டும், பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லாதபோது செய்துகொள்வதற்காகவே ஏற்பட்ட பரிசோதனை இது. கட்டி தெரிந்து, அதைக் காட்டப் போனால் அது நோயைக் கண்டறியும் பரிசோதனை. எந்தத் தொந்தரவும் இல்லாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துக்கொள்வது முன்கூட்டிய பரிசோதனை. ஆஸ்பத்திரியில் 'ஸ்கிரீனிங்' என்று சொல்வது இதைத்தான். சர்க்கரையையும் பிரஷரையும் மயக்கம் வரும்வரை காத்திருந்தா பார்க்கிறோம்? இதுவும் அதே கணக்குத்தான்.

இதில் இன்னொரு சிக்கல், வலி. நம் பெண்கள் உடம்பை வலியை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனத்து வலிப்பது பல பேருக்கு உண்டு, அது பெரும்பாலும் ஹார்மோன் மாற்றத்தால் வருவது. வலிக்காமல் அப்படியே இருக்கிற கட்டியைத்தான் தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும். "வலி இல்லையேன்னு விட்டுட்டேன்" என்று சொல்கிற பெண்களைப் புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது இதுதான். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி அந்த ஒரே வருடத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்திருக்கிறது, ஏறக்குறைய 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது, வீடே அந்த ஒருத்தியை நம்பி ஓடுகிற காலம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் எதற்கு என்று புரியும். இந்தியாவின் 11 புற்றுநோய்ப் பதிவகங்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், கட்டி மார்பகத்தோடு நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் 100க்கு 81 பேர் ஐந்து வருடம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள். அக்குள் நெறிக்கட்டிகள் போன்ற பக்கத்து இடங்களுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் அது 65 ஆனது. நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று தூரத்துக்குப் போன பிறகு வந்தவர்களில் வெறும் 18. நோய் அதே நோய்தான். எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

முதல் படி: ஆரம்ப சுகாதார நிலையம்

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, என்ற பெயரைக் கேட்டு, அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டுமே என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தொடக்கம் அங்கே இல்லை. 2016இல் மத்திய சுகாதாரத் துறை வகுத்த வழிமுறைப்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு வாய், கருப்பை வாய், மார்பகம் மூன்றும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். மார்பகத்தைப் பொறுத்தவரை அது கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், மெஷின் எதுவும் தேவையில்லை, காசும் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதாவது பி.ஹெச்.சி.க்குப் போவதற்கு ஒரு சின்ன யோசனை. செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன்கிழமை தடுப்பூசி. அந்த இரண்டு நாளும் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் காலையிலேயே போனால் நர்ஸம்மாவுக்கும் நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். மாதவிலக்கு வருகிறவர்கள் அது தொடங்கிய ஏழாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள் போவது நல்லது. அப்போது மார்பகம் வீக்கமில்லாமல் இளக்கமாக இருக்கும், தொட்டால் கட்டி தெளிவாகத் தெரியும். விலக்கு நின்றவர்கள் எந்த நாளிலும் போகலாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் தயங்குகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன். தடுப்புக்குப் பின்னாலோ தனி அறையிலோ கூட்டிப் போவார்கள். முதலில் கேள்விகள்: வயது, எத்தனை குழந்தைகள், முதல் பிள்ளை எந்த வயதில், தாய்ப்பால் கொடுத்தீர்களா, விலக்கு எப்போது வந்தது, எப்போது நின்றது, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா. அப்பா வழியையும் கேட்பது வீண் கேள்வி அல்ல. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். அத்தை, அப்பாவைப் பெற்ற ஆயா என்று யாருக்காவது இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் இடுப்புக்கு மேலே துணியை விலக்கச் சொல்வார்கள். உட்கார வைத்துக் கண்ணால் பார்ப்பதுதான் முதலில். "கையத் தூக்குங்கம்மா… இப்ப இடுப்புல வெச்சு அழுத்துங்க" என்பார் நர்ஸ். கையைத் தூக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் தோல் உள்ளே இழுக்கிறதா, இரண்டு காம்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். பிறகு படுக்க வைத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போவார். ஒரே இடத்தில் மூன்று விதமாக அழுத்துவார்: மேலாக, கொஞ்சம் ஆழமாக, விலா எலும்பில் படும் அளவுக்கு. அக்குளையும் காறை எலும்புக்கு மேலேயும் தடவிப் பார்ப்பார். மொத்தமே ஐந்து பத்து நிமிடம். வலிக்காது, ஆழமாக அழுத்தும்போது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான்.

கூச்சம் இருக்கத்தான் செய்யும். பெண் நர்ஸ்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒருத்தரை வைத்துக்கொள்ளலாம். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதிலேயே சொல்லுங்கள். அங்கே வேலை பார்க்கிற நர்ஸ்கள் பலருக்கும் அது புரியும். கூச்சத்தில் விஷயத்தைப் பாதி விழுங்கிவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வெறும் கையால் தொட்டுப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு மும்பையில் நடந்த ஒரு நீண்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயதுக்குள் இருந்த 1,51,538 பெண்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்தது. குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த எளிய பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவுகள் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டவர்களில் நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. 50க்குக் கீழே அப்படி உறுதியான குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மெஷினே இல்லாமல் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது என்பது நம்மைப் போன்ற மாவட்டங்களுக்குப் பெரிய செய்தி.

சீட்டு எழுதிக் கொடுத்தால்

நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே இந்த இடம்தான். நர்ஸ் கையில் ஏதாவது தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுப்பார்கள். தருமபுரி என்றால் 2008இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி என்றால் போலுப்பள்ளியில் 2022இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்த இடம், எந்தப் பிரிவு என்பதைச் சீட்டிலேயே எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு பல வீடுகளில் ரேஷன் கார்டுக்குள் மடித்து வைக்கப்பட்டு, அப்படியே மாதக்கணக்கில் கிடக்கிறது.

காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி, அங்கிருந்து தருமபுரிக்குப் பஸ் பிடித்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருகிறவருக்கும் அதே நிலைதான். வீட்டு ஆண்களிடம் மார்பகத்தில் கட்டி என்று வாய்விட்டுச் சொல்லவே சிலருக்கு நான்கு நாள் ஆகும். இதற்கெல்லாம் மேலே பயம். அங்கே போனால் கேன்சர் என்று சொல்லிவிடுவார்களோ, மார்பை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரே பதில் உண்மையான கணக்குதான். தொட்டால் தெரிகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு வருவதில் நிறைய 'பைப்ரோஅடினோமா' என்ற சாதாரணக் கட்டி. விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு நகரும். நாற்பதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டிகள் வரும். பால் கொடுக்கிற தாய்க்குப் பால் கட்டிக்கொள்வதும் சீழ்க்கட்டி வருவதும் உண்டு. இவை எதுவும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எது எது என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அனுபவமுள்ள டாக்டரும் சொல்ல மாட்டார். அதற்குத்தான் அந்தச் சீட்டு. சீட்டில் எழுதியிருப்பது தீர்ப்பு இல்லை, ஒரு கேள்வி மட்டும்தான்.

பால் கொடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. "பால் கட்டியிருக்கும், ஒத்தடம் குடு, கரைஞ்சிடும்" என்று வீட்டில் சொல்வார்கள், பெரும்பாலும் கரைந்தும் விடும். இரண்டு வாரம் ஆகியும் கரையாமல் அதே இடத்தில் அப்படியே இருந்தால் காட்டுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் மார்பகப் புற்றுநோய் வரவே வராது என்பது தவறு. அபூர்வம்தான், ஆனாலும் வரும்.

மேமோகிராம் அறை

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே செய்த எக்ஸ்ரே. விரலுக்குத் தட்டுப்படும் முன்பே சின்னக் கட்டியையும், சுண்ணாம்புப் பொடி போலப் படிந்திருக்கும் நுண்ணிய புள்ளிகளையும் அது காட்டிவிடும். யாருக்கு எந்த வயதில் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம், வசதியுள்ள நாடுகளில் 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2024இல் அதை 40 வயதிலிருந்தே தொடங்கச் சொன்னது. இங்கே எல்லோருக்கும் அரசே மேமோகிராம் எடுக்கும் திட்டமாக அது இல்லை. கையால் பார்த்துச் சந்தேகம் வந்தவர்களுக்கும், குடும்பத்தில் நோய் இருப்பவர்களுக்கும் டாக்டர் எழுதித் தருவார். 40 தாண்டியவர்கள் நமக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. தனியாரிடம் எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களுக்கு 45இல் வந்தது என்றால் நமக்கு 35இலேயே பரிசோதனை தொடங்கச் சொல்வார்கள். அதே சமயம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் நமக்கும் வராது என்று இருந்துவிட வேண்டாம். இந்த நோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதல் ஆளாகத்தான் இருக்கிறார்கள்.

எடுக்கப் போகும் நாளில் நைட்டியோ ஒரே துண்டான உடையோ வேண்டாம். சேலை ரவிக்கையோ சுடிதாரோ போட்டுப் போனால் மேல் பாதியை மட்டும் கழற்றினால் போதும். அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட், டியோடரன்ட் எதுவும் கூடாது. அந்தத் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, இல்லாத நோயை இருப்பது போலக் காட்டிவிடும். குளித்து முடித்ததும் பழக்கத்தில் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போகும், முந்தின நாளே அதை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். போட்டுக்கொண்டே வந்துவிட்டாலும் பரவாயில்லை, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கழுத்துச் சங்கிலி படத்தில் விழும், கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதையும் சொல்லலாம், பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத் தள்ளிவிட்டு எடுத்துவிட முடியும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்தாலோ இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மெஷின் முன்னால் நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். டெக்னீஷியன் உங்கள் மார்பகத்தைத் தன் கையால் எடுத்து ஒரு தட்டின் மேல் வைப்பார். தட்டு சில்லென்று இருக்கும். தோளைத் தளர்த்தச் சொல்லி, முகத்தைத் திருப்பச் சொல்லி, மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை மெதுவாக இறக்குவார். அது மார்பகத்தை அழுத்திப் பிடிக்கும். "மூச்ச பிடிங்க" என்றதும் ஒரு சத்தம், சில வினாடிகளில் தட்டு தானாக மேலே போய்விடும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று என்று ஒரு மார்புக்கு இரண்டு படம், ஆக மொத்தம் நான்கு. இருபது நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடலாம்.

அழுத்துவது வலிக்குமா என்றால், சிலருக்கு வலிக்கும். பொய் சொல்லி அழைத்துப் போனால் அடுத்த தடவை வர மாட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வலி சில வினாடிகள்தான். அழுத்தினால்தான் சதை பரவி, ஒன்றின் பின்னால் ஒன்று மறையாமல் படம் தெளிவாக வரும், கதிர்வீச்சும் குறைவாகவே போதும். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம், உடனே தளர்த்துவார்கள். அழுத்துவதால் கட்டி உடைந்து பரவும் என்ற பேச்சு ஊரில் சுற்றுகிறது, அது உண்மை இல்லை. எக்ஸ்ரேயால் புற்றுநோய் வந்துவிடாதா என்றும் கேட்பார்கள். ஒரு மேமோகிராமில் உடம்புக்குப் போகும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாகவே ஏழு வாரத்தில் நம் மேல் படும் அளவுதான்.

இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அது படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான், அதனால் மறைந்துவிடும். அந்த வயதினருக்கு முதலில் ஸ்கேன்தான் எடுப்பார்கள். கர்ப்பத்தில் வயிற்றுக்கு எடுப்பார்களே, அதே ஸ்கேன். அதில் கதிர்வீச்சு இல்லை, கட்டிக்குள் நீர் இருக்கிறதா சதை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

"இன்னொரு தடவை வாங்க" என்றால்

ரிப்போர்ட்டில் 'பை-ரேட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். இதைப் பார்த்து, கூகுளில் தேடி, தூக்கம் கெட்டவர்கள் நிறைய. 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் புற்றுநோய் இல்லை. 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டிதான், புற்றுநோயாக இருக்க 100க்கு 2 வாய்ப்புகூட இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அந்த ஆறாம் மாதத்தை விட்டுவிடக் கூடாது. 4 என்றால் சந்தேகம், சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்தவர்களிலும் பலருக்கு ஒன்றும் இல்லை என்றே வரும். 5 என்றால் சந்தேகம் மிகவும் வலுவானது. 6 என்பது ஏற்கெனவே சோதித்து உறுதியானவர்களுக்கு. எண் 0 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இந்தப் படங்களை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படமோ ஸ்கேனோ வேண்டும் என்பதே அதன் பொருள்.

அமெரிக்கக் கணக்கைச் சொல்கிறேன். அங்கே மேமோகிராம் எடுத்த 100 பெண்களில் சுமார் 10 பேரை மறுபடி வரச் சொல்கிறார்கள். கடைசியில் புற்றுநோய் என்று உறுதியாவது 1,000 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு. அப்படியானால் மறுபடி கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். "திரும்ப வரச் சொல்லிட்டாங்க" என்று கேட்டதும் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருத்தர் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவோ நல்லது.

சதைப் பரிசோதனை, அதாவது பயாப்சி, படுக்க வைத்துத்தான் செய்வார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசி சுருக்கென்று எரியும். அதற்குப் பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரியும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே துளையுள்ள ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி 'டக்' என்ற சத்தத்தோடு சதையை எடுப்பார்கள். சத்தத்துக்குத் திடுக்கிடாதீர்கள், முன்னாலேயே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லலாம். எடுப்பது வெந்த சேமியா இழை அளவுக்குச் சில துண்டுகள். தையல் வேண்டியிருக்காது, அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் தண்ணீர்க் குடம், தக்காளிக் கூடை எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரினாக இருந்தாலும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஊசி பட்டால் கேன்சர் பரவிவிடும் என்று சொல்லித் தடுக்கிற சொந்தக்காரர் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் தவறு. உலகம் முழுவதும் இப்படி எடுத்துப் பார்த்துத்தான் சிகிச்சையே தீர்மானிக்கிறார்கள். எந்த வகைப் புற்றுநோய், ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்குமா, எந்த மருந்து பொருந்தும் என்பதெல்லாம் அந்தச் சின்னத் துண்டில்தான் தெரியும். அதைச் செய்யாமல், கட்டி கரைய மருந்து தருகிறோம் என்பவர்களிடம் போய் மாதங்களை இழந்துவிடாதீர்கள். நோய் முற்றுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் நம் ஊர்களில் இல்லை என்றே நினைக்கிறேன்.

முடிவு வர ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோ ஆகலாம். ரிப்போர்ட் எப்போது வரும், யார் கையில் வாங்க வேண்டும், வாங்கியதும் யாரிடம் காட்ட வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப வேண்டும். போனில் தகவல் வரும் என்று நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பையன் கையில் ஓசூர் கம்பெனியில் இருக்கும் என்றால் பக்கத்து வீட்டு நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.

புற்றுநோய்தான் என்று வந்தால்? அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனாலும் இரண்டு வார்த்தை. மார்பை முழுதாக எடுப்பதுதான் ஒரே வழி என்ற காலம் போய்விட்டது. சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்ற முடிகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேட்டு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் எதுவானாலும் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

நாமே பார்த்துக்கொள்வது

மாதம் ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று நாமே தடவிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைப் பெண்கள் 2,66,000 பேரை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். 2002இல் வந்த முடிவு: முறையாகச் சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிலும் சாவு குறையவில்லை, தேவையில்லாத பயாப்சிகள்தான் கூடின. அதனால் இப்போது அதை ஒரு கட்டாயச் சடங்காக யாரும் வலியுறுத்துவதில்லை. நர்ஸ் பார்ப்பதற்கு அது மாற்றும் அல்ல.

அதற்காக நம் உடம்பு நமக்குத் தெரியாமல் இருக்கலாமா? குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் வழக்கமாக எப்படி இருக்கிறது என்று கை அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாறினால் தெரியும். புதிதாக ஒரு கட்டி, அக்குளில் தடிப்பு, ஒரு மார்பு மட்டும் திடீரென்று பெரிதாவது, இதுவரை வெளியே இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ தானாகவே நீரோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத புண், தோல் தடித்துச் சிவந்து புள்ளி புள்ளியாகக் குழி விழுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஸ்கிரீனிங் தேதி எப்போது என்று பார்க்க வேண்டியதில்லை, அந்த வாரத்திலேயே போய்க் காட்ட வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு, மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்குள். காம்புக்குக் கீழே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அவர்களும் வெட்கப்படாமல் காட்டலாம்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. மேமோகிராம் சுமார் எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடும் என்பது கணக்கு. மறுபக்கம், உயிருள்ளவரை எந்தத் தொல்லையும் கொடுத்திருக்காத மிக மெதுவான நோயையும் சில சமயம் கண்டுபிடித்து, அதற்கும் சிகிச்சை செய்ய வேண்டி வரும். அதனால்தான் வயதும் குடும்ப விவரமும் பார்த்து, யாருக்கு எது வேண்டும் என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். ஆபர் விலையில் வருகிற முழு உடல் பரிசோதனைக்கு எல்லாம் ஓட வேண்டியதில்லை.

எல்லாம் நார்மல் என்று வந்தாலும் படங்களையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தடவை எடுக்கும்போது பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எது புதிது, எது முன்பே இருந்தது என்று பார்ப்பார்கள். பழையது கையில் இருந்தால் மறுபடி கூப்பிட வேண்டிய தேவையே பல நேரம் இருக்காது. தருமபுரியில் எடுத்துவிட்டுப் பிறகு சேலத்துக்கோ பெங்களூருக்கோ போனாலும் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதியை மேலே எழுதி, மடங்காமல் பீரோவில் வைத்துவிட்டால் போதும். நர்ஸ் சொன்ன அடுத்த தேதியையும் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.